டிக்கியில் கிடந்த தலைதாங்கி



சென்ற மே மாதம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்காக மரக்காணம் சென்றிருந்தோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. வழக்கமாக வண்டியை ஓட்டும் நம் மகன் வெளியூர் போயிருந்ததால், ஒரு நாள் ஓட்டத்திற்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். நாற்பது வயதை எட்டாதவர். அடக்கமும் நிதானமும் உள்ளவர்.

விடியற்காலையில் வண்டியில் ஏறி அமர்ந்தவர், தலைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "ஐயா, இந்த சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் இல்லையா?" என்று கேட்டார்.

"அது பெருந்தொல்லை, தம்பி. தலையை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று பையன் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டான். அது இல்லாமலே வண்டி நன்றாக ஓடும்" என்றோம் நாம். அவர் மறுவார்த்தை பேசவில்லை. ஒரு நாள் கூலிக்கு வந்தவர் வண்டிக்காரரிடம் எத்தனை முறை கேட்பார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது, கோடைகாலத்தில் கண்ணைக் கூசச் செய்யும் ஒரு காட்சி உண்டு. பரந்து கிடக்கும் பாத்திகளில் உப்பு விளைந்து நிற்கும். வாரிக் குவித்த அம்பாரங்கள் வெள்ளைக் குன்றுகள்போல் வரிசை வரிசையாக நிற்கும். ஆந்திரத்திலிருந்து கரையோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்வதும் இவ்வூரில்தான். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே வந்தோம். உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அளத்து மண்பாதையிலிருந்து மெல்லச் சாலையில் ஏறியது. நம் ஓட்டுநர் அதற்கு வழிவிட்டு வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை.

பெரிய மோதல் என்று சொல்வதற்கில்லை. பின்பக்கத் தகடு நசுங்கியது, கண்ணாடிகூட உடையவில்லை. பின் இருக்கையில் இருந்த நமக்கும் நம் துணைவியாருக்கும் தலைக்குப் பின்னால் தாங்கி இருந்தது. ஒரு குலுக்கலோடு போயிற்று. "ஒன்றும் இல்லை ஐயா, நலமாக இருக்கிறேன்" என்று ஓட்டுநரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். திருமணப் பந்தியில் நன்றாகவே சாப்பிட்டார். மாலையில் திரும்பப் புறப்பட்டபோது அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

தேநீர்க் கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "சுளுக்குத்தான், ஒரு திருப்புத் திருப்பினால் விட்டுவிடும்" என்று கையை நீட்டினார். நல்ல வேளையாகத் திருமணத்திற்கு வந்திருந்த செவிலி ஒருவர் அதைத் தடுத்து, மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்தார். எலும்பு முறியவில்லை, கழுத்தின் தசைகளும் தசைநார்களும் கடுமையாக இழுபட்டிருந்தன. மூன்று வாரங்கள் அவர் வண்டி எடுக்கவில்லை. ஆக்டிங் டிரைவருக்கு வண்டி எடுக்காத நாள் வருமானம் இல்லாத நாள் அல்லவா? அந்த நாள்களின் கூலியை நாம் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. கொடுக்கவேண்டி வந்ததன் காரணம் நம் வண்டியின் டிக்கியிலேயே கிடந்தது என்பதைச் சொல்லவே இவ்விதழில் இதை எழுதுகிறோம்.

இந்தத் தலைதாங்கி எதற்காக இருக்கிறது? நம்மில் பெரும்பாலோர் அதைத் தலையணையின் தம்பி என்றே எண்ணியிருக்கிறோம். களைத்தபோது சாய்ந்துகொள்ள ஒரு மெத்தை. இடைஞ்சலாக இருந்தால் கழற்றிவிடலாம் என்பது நம் எண்ணம். உண்மையில் அது சீட் பெல்ட்டைப் போன்ற ஒரு பாதுகாப்புக் கருவி.

நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பின்னாலிருந்து மற்றொன்று மோதும்போது, இருக்கை நம் முதுகைச் சட்டென்று முன்னால் தள்ளுகிறது. உடல் முன்னே போகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இடையில் அகப்படுவது கழுத்து. முதலில் அது பாம்புபோல் வளைகிறது. அடுத்த கணம் தலை பின்னால் வீசப்பட்டு, மறுபடி முன்னால் வருகிறது. சாட்டையைச் சொடுக்கும்போது அதன் நுனி வீசுவதைப் போன்றது இது. ஆங்கில மருத்துவர்கள் இக்காயத்திற்குச் சாட்டையின் பெயரையே இட்டிருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். கழுத்தைக் கெட்டியாக்கிக்கொண்டு தப்பலாம் என்றால் அதற்கு நேரமே இல்லை. தலைக்குப் பின்னால் உடனே ஏந்திக்கொள்ள ஒன்று இருந்தால் மட்டுமே தலையும் உடலும் சேர்ந்து நகரும். வலி பல வேளைகளில் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தலைகாட்டும். நம் ஓட்டுநர் காலையில் சிரித்ததும் மாலையில் தவித்ததும் இதனால்தான்.

பழைய அம்பாசடர் வண்டியில் போனவர்களுக்கு நினைவிருக்கும். முன் இருக்கை ஒரே நீளப் பெஞ்சாக இருக்கும். மூவர் நெருக்கி அமர்வார்கள். முதுகுப் பலகை தோளோடு நின்றுவிடும். தலைக்கு ஆதரவு என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்குத் தலைதாங்கி கட்டாயமாயிற்று. 1997இல் சாப் நிறுவனமும் 1998இல் வால்வோ நிறுவனமும், மோதலின்போது தலைதாங்கியோ இருக்கையோ தானாகவே அசைந்து கழுத்தைக் காக்கும் அமைப்புகளைக் கொண்டுவந்தன. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் முன் இருக்கைக்குத் தலைதாங்கி இருக்கிறது. இருந்தும் பயன் பெறுகிறோமா என்பதே கேள்வி.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. இருக்கையோடு சேர்ந்தே உயரமாக அமைந்த தலைதாங்கிகள், பின்மோதலில் காயம்படும் வாய்ப்பை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைத்தன. ஏற்றி இறக்கக்கூடியவையோ 10 விழுக்காடுதான் குறைத்தன. காரணம் எளியது. ஏற்றி இறக்கக்கூடியவற்றுள் நான்கில் மூன்றை எவரும் ஏற்றவே இல்லை! கடையிலிருந்து வந்தபடி கீழேயே இருந்தன. நம் நாட்டிலும் பின்மோதல் அரிதான ஒன்றன்று. மத்திய அரசின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகள் 4,61,312. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பின்னாலிருந்து மோதியவை.

"அதெல்லாம் சரி, ஆனால் அது தலையை முன்னால் தள்ளுகிறதே, நாங்கள் என்ன செய்வது?" என்று வாசகர்கள் கேட்பீர்கள். நம் மகன் கேட்டதும் அதுதான். அவன் குறை பொய்யன்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தலைக்கும் தாங்கிக்கும் இடையே வெளி கூடக் கூட, அது ஏந்துவதற்குள் கழுத்து வளைந்துவிடும். ஆகவே அமெரிக்க அரசு 2004ஆம் ஆண்டில் விதியைத் திருத்தி, அந்த இடைவெளி 55 மில்லிமீட்டருக்கு மேல் போகலாகாது என்றது. உலகச் சந்தையை எண்ணி வண்டி வடிப்பவர்கள் தலைதாங்கியை முன்னோக்கிச் சாய்க்கத் தொடங்கினர். இதை அளந்து பார்க்கும்போது சோதனைப் பொம்மை ஏறத்தாழ 25 பாகை பின்சாய்ந்தே அமர்ந்திருக்கும். நம்மில் பலர் பள்ளிப் பிள்ளைகளைப்போல் முதுகை நட்டமாக நிமிர்த்தி அமர்ந்து ஓட்டுகிறவர்கள். அப்படி அமர்ந்தால் தலை முன்பே தாங்கியை முட்டிவிடும். மோவாய் மார்பை நோக்கித் தாழும். ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கும்.

எனவே முதல் மருந்து, முதுகுப் பலகையை ஓரிரு பல் பின்னால் சாய்ப்பது. சாய்த்தபின் கை ஸ்டியரிங்கிற்கு எட்டவில்லையெனில் இருக்கையைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். ஸ்டியரிங்கை இறக்கவோ இழுக்கவோ வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இரண்டாவது, இடுப்பின் பின்பகுதியை இருக்கையின் மூலைவரை தள்ளி அமர்வது. வழுக்கி முன்னே வந்து அமர்ந்தால் முதுகு கூனும்; கூனிய முதுகின்மேல் தலை இன்னும் முன்னே நிற்கும். இடுப்பின் வளைவில் ஒரு சிறு துண்டைச் சுருட்டி வைத்தால் மார்பு விரியும். தலை தானாகவே பின்னுக்கு வந்துவிடும். நம் மகனுக்கு இந்தத் துண்டுதான் தீர்வு தந்தது.

மூன்றாவது உயரம். தலைதாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலைக்குச் சமமாக இருப்பது நலம். அவ்வளவு உயராவிட்டால், உச்சியிலிருந்து 6 சென்டிமீட்டருக்கு மேல் தாழாமலாவது இருக்கட்டும். பிடரியில் முட்டும்படி தாழ்த்தி வைத்தால், தலை அதன்மேல் ஏறிப் பின்னால் மடிய வாய்ப்பாகிவிடும். நான்காவது இடைவெளி. தலைக்கும் தாங்கிக்கும் நடுவே நான்கு விரல்களை அடுக்கினால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டும்போது தலை அதைத் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அருகில் இருந்தால் போதும்.

தாய்மாருக்கு ஒரு சொல். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் புறப்படும்போது பின்னந்தலையில் பெரிய கொண்டையிட்டு, மல்லிகைச் சரத்தையும் சுற்றிக்கொண்டால், தலைதாங்கி கொண்டையைத்தான் தாங்கும். தலை நாலு விரல் முன்னே வந்துவிடும். வண்டியில் இருக்கும்வரை கூந்தலைத் தழையப் பின்னி ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம். இறங்கியபின் கொண்டை போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

செய்யக்கூடாதவையும் சில உள. தலைதாங்கியை முன்பின்னாகத் திருப்பிச் செருகுவோர் உண்டு. தலை முட்டுவது நிற்கும். ஆனால் இடைவெளி மிகுதியாகிவிடும். சில வண்டிகளில் பூட்டும் சரியாக விழாது. பருத்த கழுத்துத் தலையணைகளைக் கட்டிக்கொள்வதும் தலையை முன்னே தள்ளும் வேலையே. அழகுக்காகப் போடும் இருக்கை உறைகள் சிலவற்றில் தலைதாங்கியும் முதுகும் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். அதன்பின் உயரத்தை மாற்றவே இயலாது. இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டியாயின், அதற்கென்று தைக்கப்படாத உறை அந்தப் பையை விரியவிடாமல் தடுக்கவும் கூடும்.

உப்பளக் கரையில் வாழ்வோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உப்புக் காற்று வேலி ஆணியை விடாததுபோல் வண்டியையும் விடாது. தலைதாங்கியின் இரு கம்பிகளும், அழுத்திவிடும் பொத்தானும், இருக்கை நகரும் தண்டவாளமும் துருவேறி இறுகிவிடுகின்றன. மரக்காணத்தில் நம் உறவினரின் வண்டியில் தலைதாங்கியை உயர்த்த முயன்றபோது இரண்டு ஆடவர் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை! மாதம் ஒருமுறை கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் இட்டு, ஏற்றி இறக்கிப் பார்த்தால் இந்நிலை வராது.

தலையை மட்டும் சொல்லி உடலை விட்டுவிட முடியாது. கிளட்சை முழுவதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். தோள் இருக்கையை விட்டு விலகாமலே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்கிற்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வெளி வேண்டும்; இல்லையேல் காற்றுப்பை விரியும் வேகமே காயப்படுத்திவிடும். ஆண்கள் காற்சட்டையின் பின்பையில் பர்ஸை வைத்துக்கொண்டு அமர்வது இடுப்பை ஒருபுறம் சாய்த்து, காலுக்கு ஓடும் நரம்பை நெருக்கும். அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு ஓட்டுவது நல்லது. எவ்வளவு நல்ல இருக்கையானாலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிப் பத்தடி நடக்க வேண்டும். நெடுநேரம் குலுங்கிய முதுகோடு இறங்கியவுடன் கனமான மூட்டையைத் தூக்குவதும் ஆகாது. மோதலுக்குப் பின் கை மரத்தாலோ, விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, உடனே மருத்துவரைக் காண வேண்டும். முறிவு இல்லை என்று அவர் உறுதி சொன்ன பிறகு, கழுத்துப் பட்டையை நெடுநாள் கட்டிக்கொண்டிராமல், அவர் காட்டும் அளவில் மெல்ல அசைத்துப் பழகுவதே இக்காலச் சிகிச்சை.

இவையெல்லாம் நம் வண்டியை நாமே ஓட்டுவோருக்கு. பிறர் வண்டியை ஓட்டிப் பிழைப்பவரின் நிலை வேறு. நம் ஓட்டுநரிடம் பின்னர் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது நம்மைச் சுட்டது. "வண்டிக்காரர் வைத்திருக்கிற சீட்டைத் தொட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், ஐயா. மறுபடி அவர்கள் அளவுக்கு வைக்கத் தெரியாது என்பார்கள். அதனால் இருக்கிறபடியே உட்கார்ந்து ஓட்டிவிடுவேன்." நம் மகன் ஆறடி உயரம், இவரோ ஐந்தடி மூன்று அங்குலம். அன்று 120 கிலோமீட்டரும் கிளட்சை எட்டி எட்டி மிதித்தே வந்திருக்கிறார். நாமோ பின்னால் அமர்ந்து உப்பளத்தின் அழகை வருணித்துக்கொண்டு வந்தோம்!

உப்பும் வண்டியும் தமிழகத்தில் நெடுங்கால உறவினர். உப்பு வணிகரான உமணர், மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிக்கிறார். வரக்கூடிய இடரை வரும்முன் நினைப்பதே நல்ல வண்டிக்காரனுக்கு இலக்கணம். அந்தச் சேம அச்சு வழியெல்லாம் சுமையாகத்தான் இருந்திருக்கும். தொல்லை என்று அதை அவிழ்த்து வீட்டில் போட்டுவிட்டு அவர்கள் புறப்படவில்லை.

ஓட்டுபவரின் உடலைக் காக்கும் கடமையைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. 5 மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல், இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றும் வகுத்தது. 2023 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்றது. மே மாத வெயிலில் மரக்காணத்து உப்பை ஏற்றிச் செல்பவரின் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை விளங்கும். ஆனால் ஒரு நாள் ஓட்டத்திற்கு நம் வீட்டு வாசலில் வந்து நிற்பவரை எந்த ஆய்வாளர் வந்து பார்ப்பார்? அங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. "தம்பி, இருக்கையை உங்கள் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் ஆனால் ஆகட்டும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இரண்டு மணி நேரம் கழிந்ததும், நமக்குத் தாகம் இல்லாவிட்டாலும், "ஒரு தேநீர் குடிப்போம்" என்று நாமே சொல்லலாம். பந்தியில் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தெரிந்த நமக்கு, அவர் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாதது ஏன்?

ஆவணியில் மறுபடி மரக்காணம் போக நேர்ந்தது. அதே ஓட்டுநரை அழைத்தோம். புறப்படுமுன் டிக்கியைத் திறந்து, தூசு தட்டி, தலைதாங்கியை நாமே எடுத்து வந்து செருகினோம். அவர் இருக்கையை முன்னே இழுத்து, முதுகைச் சாய்த்து, தலைக்குப் பின் கையை வைத்து அளந்து பார்த்தார். இரண்டு நிமிடம் ஆயிற்று. நாம் வாசற்படியில் நின்று காத்திருந்தோம். "போகலாம், ஐயா" என்றார்.

வாசகர்களே, இன்று மாலை உங்கள் வண்டியின் டிக்கியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.